மேடைக்கு ஏறும் வழி

தாதர் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன பூச்சந்தையும், இரண்டு இருப்புப்பாதைகள் கூடும் நிலையமும், ஓயாத மக்கள் வெள்ளமுமே. அதே தாதரில்தான் கமலா மேத்தா பார்வையற்றோர் பள்ளியும் இருக்கின்றது. ஆன்னா மில்லர்டு என்னும் அமெரிக்க மாதரசி 1900 ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பள்ளியை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

அந்நாளில் பிறர் கற்பிக்க, பார்வையற்றோர் கற்றனர். இந்நாளிலோ அவர்களே கலைக்குழு அமைத்து நடத்துகின்றனர். நயன் பவுண்டேஷன் என்னும் பார்வையற்ற கலைஞர்களின் அமைப்பு இதற்குச் சான்றாகும். நாம் உறியடி என்று கொண்டாடும் விழாவை மராட்டியர் தஹி ஹண்டி என்பர். அத்திருநாளில் தாதர் வீதியில் இவ்வமைப்பின் இளைஞர்கள் ஒருவர் தோள்மீது ஒருவராக ஏறி, உயரத்தே தொங்கும் பானையை உடைக்கின்றனர். கண்ணில்லாமல் இஃது எவ்வாறு இயலும் என்று வியப்போர் உண்டு. சற்றே சிந்தித்தால் வியப்பு அடங்கும். அடித்தளத்தில் நிற்பவன் மேலே இருப்பவனைக் கண்ணால் காண்பதில்லை. பாரத்தைத் தன் தோளால் அறிகின்றான். அக்கலைக்கு வேண்டியது தொடுவுணர்வும், தோழன்மீது நம்பிக்கையுமே.

உலகின் பிற இடங்களிலும் இம்முயற்சி உண்டு. கைகள் செயலற்ற ஜெர்மானிய ஓவியர் எரிக் ஸ்டெக்மன், வாயில் தூரிகை பற்றி வரைந்தவர். அவர் 1956 ஆம் ஆண்டில், எட்டு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த பதினேழு ஓவியர்களைத் தம்மோடு கூட்டி ஒரு சங்கம் கண்டார். வாயாலும் காலாலும் வரையும் அவ்வோவியர்களே அதன் உரிமையாளர்கள். வாழ்த்து அட்டைகளும் நாட்காட்டிகளும் விற்றுப் பொருள் ஈட்டுகின்றனர். அதன் இந்தியக் கிளையும் நம் மும்பையில்தான் இயங்குகின்றது. இரக்கத்தால் தரும் காசு வேண்டா, எங்கள் ஓவியத்திற்குரிய விலை போதும் என்பதே அவர்கள் கொள்கை.

நாட்டிய மணி சுதா சந்திரனை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. 1981 ஆம் ஆண்டு விபத்தில் வலக்காலை இழந்த அவர், ஜெய்ப்பூர்க் கால் பொருத்தி, 1984 ஆம் ஆண்டில் இந்நகரிலேயே மீண்டும் சலங்கை கட்டினார். அதனைப் போற்றுகின்றோம். ஆயினும் ஒருவர் அற்புதம் புரிந்தால்தான் மேடை ஏறலாம் என்ற நிலை நீடிக்கலாமா? சாதாரணத் திறமை உடையவர்க்கும் கலையில் இடம் உண்டல்லவா?

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29 ஆவது பிரிவில், கலையை அவர்கள் எட்டும்படி செய்வது அரசின் கடமை என்று கூறுகின்றது. சட்டம் அரசைப் பணிக்கட்டும். நம் சங்கங்களுக்கு நம் மனமே சட்டமாகலாம்.

செய்யத்தக்கவை பெரிய செலவுடையன அல்ல. மேடைக்குப் படிகளோடு ஒரு சாய்தளமும் கைப்பிடியும் அமைக்கலாம். நாடகத்தின்போது செவிப்புலன் குன்றியோர்க்குச் சைகைமொழி வல்லார் ஒருவரை நிறுத்தலாம். நவராத்திரிக் கொலுவில் சில பொம்மைகளைத் தனியே வைத்து, பார்வையற்ற குழந்தைகள் தடவி அறியச் செய்யலாம். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. விழாக் குழுவிலேயே மாற்றுத்திறனாளி அன்பர் இருவரை அமர்த்தி, வேண்டுவது யாதென அவர்களையே கேட்டல் வேண்டும். எந்தப் படி இடறுகிறது என்பதை நாள்தோறும் ஏறுபவர்தாமே அறிவர்?

நம் இல்லங்களிலேயே, விருந்தினர் வரும்போது உள்ளறையில் இருத்தப்படும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அப்பிள்ளையின் பாட்டையோ ஓவியத்தையோ வரும் பொங்கல் விழாவில் நாம் கேட்கவும் காணவும் வேண்டும். அன்பர்களே, அழைத்து வாருங்கள். வழியைச் செப்பனிடுவது நம் அனைவர் பொறுப்பு.