ஒரே நாளில் 30,000 பேர் வந்தால் கையில் எவ்வளவு நிற்கும்? பிளாக் டிராஃபிக்கின் உண்மைக் கணக்கு



சம்பளத்துக்கு மேல கொஞ்சம் சைடு இன்கம் வேணும்னு பிளாக் ஆரம்பிக்கிற நண்பர்கள் இப்போ நிறைய பேர். அவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ரெடிட் மாதிரி சோஷியல் புக்மார்க்கிங் தளத்துல நம்ம லிங்க் ஹிட் ஆனா ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான பேர் வர்றாங்களாமே, அதை வெச்சு சம்பாதிக்க முடியுமா?"

முடியும். ஆனா எவ்வளவு, எத்தனை நாளைக்கு, அதுல வரி போக மிச்சம் என்ன? இந்த மூணையும் போட்டுப் பார்க்காம வேலையை விடுறதோ, கிரெடிட் கார்டுல பெரிய சர்வர் வாங்குறதோ கூடாது. வாங்க, கணக்கு போடுவோம்.

இது எப்படி வேலை செய்யுது?

சோஷியல் புக்மார்க்கிங்னா, பிடிச்ச பக்கத்தோட லிங்க்கை நமக்கு மட்டும் சேமிக்காம எல்லாரும் பார்க்கிற மாதிரி சேமிக்கிறது. 2003-ல வந்த டெலிஷியஸ் இதுக்கு முன்னோடி. அடுத்து 2004-ல வந்த டிக், வாசகர்களே ஓட்டு போட்டு லிங்க்கை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோற முறையைப் பிரபலமாக்குச்சு. 2005-ல ரெடிட், 2007-ல ஹேக்கர் நியூஸ். நம்ம தமிழ்லயும் பதிவர்கள் தமிழ்மணம் திரட்டியில இணைச்சு, தமிழிஷ்ல ஓட்டு வாங்கி வாசகர்களைப் பிடிச்ச காலம் ஒண்ணு இருந்தது.

எல்லாத்துலயும் அடிப்படை ஒண்ணுதான். லிங்க் போட்ட முதல் சில மணி நேரத்துல எவ்வளவு வேகமா ஓட்டு விழுதுங்கிறதுதான் அது மேல ஏறுமா இல்லையான்னு முடிவு பண்ணும். நேரம் ஆக ஆக அந்த ஓட்டோட மதிப்பு குறையும், புது லிங்க் மேல வரும். அதனாலதான் கூட்டம் திடீர்னு வருது, திடீர்னு போயிடுது. ஒண்ணு ரெண்டு நாள்ல கிராஃப் பழைய இடத்துக்கே இறங்கிடும்.

பணக் கணக்குல சொன்னா, இது இன்க்ரிமென்ட் இல்லை, போனஸ். ஒரு தடவை வந்த போனஸை நம்பி யாராவது 20 வருஷ இ.எம்.ஐ. எடுப்பாங்களா?

கூட்டம் வந்தா காசு எவ்வளவு?

விளம்பர வருமானத்தை ஆயிரம் பக்கப் பார்வைக்கு இவ்வளவுன்னு கணக்கு பண்ணுவாங்க. அதுக்குப் பேர் ஆர்.பி.எம். மொழி, தலைப்பு, வாசகர் இருக்கிற நாடு எல்லாத்தையும் பொறுத்து இது மாறும். கணக்குக்காக 60 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

30,000 பார்வை × 60 ÷ 1,000 = 1,800 ரூபாய்.

அவ்வளவுதான். இதுவும் முழுசா வரும்னு சொல்ல முடியாது. இந்தத் தளங்கள்ல இருந்து வர்றவங்கள்ல நிறைய பேர் விளம்பரத் தடுப்பான் வெச்சிருப்பாங்க. வந்த ஒரு பக்கத்தைப் படிச்சிட்டு, அடுத்த லிங்க்கைப் பார்க்கப் போயிடுவாங்க. மேலும், ஆட்சென்ஸ்ல 100 டாலர் சேர்ந்தாதான் பணத்தை அனுப்புவாங்க. 1,800 ரூபாய் அந்த அளவை எட்டாது. கணக்குல சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. கூகுள் தேடல் வழியா ஒரு நாளைக்கு வெறும் 100 பேர் வர்ற ஒரு பதிவு இருக்குன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 36,500 பார்வை. அதே ஆர்.பி.எம்.ல 2,190 ரூபாய். சத்தமே இல்லாத அந்த ஒரு பதிவு, நீங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்ச அந்த ஒரு நாளை ஜெயிச்சிடுது. அடுத்த வருஷமும் அது வேலை செய்யும். ஆர்.டி. மாதிரி.

அப்போ இந்தக் கூட்டத்தால பிரயோஜனமே இல்லையா?

இருக்கு. விளம்பரக் காசு அதோட சின்னப் பகுதி. பெரிய பகுதி, வந்தவங்கள்ல எத்தனை பேர் திரும்பி வர்றாங்கங்கிறதுதான். 30,000 பேர்ல 100-ல ஒருத்தர் இமெயில் கொடுத்தாலும் 300 வாசகர்கள். அடுத்த பதிவு எழுதும்போது இவங்களுக்காக யாரோட ஓட்டையும் எதிர்பார்க்க வேண்டாம். அதுக்கு மூணு வேலை முன்னாடியே செஞ்சு வெச்சிருக்கணும்.

முதல் வேலை, பக்கம் தாங்கணும். மாசம் நூறு, இருநூறு ரூபாய் ஷேர்டு ஹோஸ்டிங்ல திடீர்க் கூட்டம் வந்தா தளம் படுத்துடும். ஸ்லாஷ்டாட் தளம் பிரபலமா இருந்த 1990-களின் கடைசியிலேயே இதுக்குத் தனிப் பேரே வெச்சாங்க: ஸ்லாஷ்டாட் எஃபெக்ட். இதுக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. கேச்சிங் ஆன் பண்ணி, இலவச சி.டி.என். ஒண்ணு இணைச்சு, படங்களோட சைஸைக் குறைச்சாலே பெரும்பாலும் போதும்.

ரெண்டாவது, பதிவோட முடிவுல இமெயில் கேட்கிற ஒரு சின்னப் பெட்டி. பக்கம் திறந்ததுமே முகத்துல அடிக்கிற பாப்-அப் வேண்டாம்.

மூணாவது, அந்தப் பதிவோட சம்பந்தப்பட்ட ரெண்டு மூணு பழைய பதிவுகளுக்கு லிங்க்.

லிங்க் போடுறதுக்கும் ஒரு முறை இருக்கு. ரெடிட்ல ஒவ்வொரு குழுவுக்கும் தனி விதி. சொந்தத் தளத்தோட லிங்க்கை மட்டுமே போட்டுட்டு இருந்தா ஸ்பாம்னு தூக்கிடுவாங்க. முதல்ல அங்கே நாலு பேரோட சந்தேகத்துக்குப் பதில் சொல்லுங்க. ஆபீஸ் நண்பர்கள்கிட்ட "எல்லாரும் ஒரு ஓட்டு போடுங்கப்பா"ன்னு கேட்கிறதும் ஆகாது. கூட்டு ஓட்டு இந்தத் தளங்கள்ல விதிமீறல். கண்டுபிடிச்சா உங்க கணக்கு மட்டுமில்ல, உங்க தள முகவரியே பிளாக் ஆகலாம்.

"499 ரூபாய்க்கு 500 புக்மார்க்" – ஏன் வேண்டாம்?

இப்படி விளம்பரம் கண்ணுல பட்டிருக்கும். இதுல ரெண்டு விஷயம்.

500 தளத்துல உங்க லிங்க்கைப் போட்டா கூகுள்ல மேல வருவீங்கன்னு சொல்றாங்க. ஸ்பாம் லிங்க்கைத் தடுக்க 2005-லயே நோஃபாலோ குறியீடு வந்துடுச்சு. 2019-ல பயனர்கள் போடுற லிங்க்குக்குன்னே தனிக் குறியீடும் வந்துச்சு. ரேங்க்குக்காக மொத்தமா லிங்க் போடுறதை கூகுள் ஸ்பாம்னுதான் சொல்லுது.

ரெண்டாவது இன்னும் ஆபத்து. விசிட்டர்களையே விலைக்குத் தர்றோம்னு சொல்றவங்க. காசு கொடுத்து கிளிக் பண்ண வைக்கிற டிராஃபிக், பாட் டிராஃபிக் ரெண்டுமே ஆட்சென்ஸ் விதிப்படி செல்லாது. கணக்கை மூடினா, சேர்ந்திருக்கிற பணமும் போகும். 499 ரூபாய் நஷ்டம்னு நினைச்சது, ரெண்டு வருஷ உழைப்புக்கு உலை வைக்கும்.

அப்புறம், எந்தத் தளத்தையும் நிரந்தரம்னு நம்பாதீங்க. ஸ்டம்பிள்அபானை 2007-ல ஈபே 75 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு. 2018-ல அது மூடியே போச்சு. டெலிஷியஸை 2005-ல யாஹூ வாங்குச்சு. கைமாறிக் கைமாறி, 2017-ல பின்போர்டு அதை வாங்கின விலை 35,000 டாலர். அந்த டிராஃபிக்கை மட்டும் நம்பி இருந்த பிளாக்குகளோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. ஒரே பங்குல மொத்தப் பணத்தையும் போடாதீங்கன்னு சொல்றது இதுக்கும் பொருந்தும்.

இப்போ என் ஏரியா: வரி

தொடர்ந்து நடத்துற தளத்துல வர்ற விளம்பர வருமானம், அஃபிலியேட் கமிஷன் பொதுவா பிசினஸ் வருமானம். அது வந்துட்டா ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. சூழலைப் பொறுத்து ஐ.டி.ஆர்.-3 அல்லது 4. உத்தேச வருமான முறையில கணக்குப் புத்தகம் இல்லாம காட்டலாமேன்னு கேட்பீங்க. கமிஷன் வருமானத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனால அஃபிலியேட் வருமானம் இருந்தா வரவு செலவை எழுதி வைங்க. டொமைன், ஹோஸ்டிங் செலவை அந்த வருமானத்துல கழிக்கலாம். ஆனா நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது.

இந்தியக் கம்பெனி கமிஷன் கொடுத்தா, வருஷத்துக்கு 20,000 ரூபாய் தாண்டினதும் 2% டி.டி.எஸ். பிடிப்பாங்க. அது ஏ.ஐ.எஸ்.ல தெரியும். "சின்னத் தொகைதானே, யாருக்குத் தெரியப் போகுது"ங்கிற பேச்சுக்கு இடமில்லை.

பலரும் கவனிக்காத இடம் ஒண்ணு இருக்கு. 2025-26 நிதியாண்டுல புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை. சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலையான கழிவும் உண்டு. உங்க சம்பளம் 12,70,000-னு வெச்சுக்குவோம். கழிவு போக 11,95,000. வரி பூஜ்யம். இப்போ பிளாக்ல செலவு போக 40,000 லாபம் வருது. மொத்தம் 12,35,000.

12 லட்சத்தை லேசா தாண்டினவங்களுக்கு மார்ஜினல் ரிலீஃப் உண்டு. தாண்டின தொகைக்கு மேல வரி கேட்க மாட்டாங்க. ஆனா தாண்டின தொகை முழுசையும் கேட்பாங்க! அதாவது 35,000, அதோட 4% செஸ் சேர்த்து 36,400. சம்பாதிச்ச 40,000-ல கையில நிக்கிறது 3,600. சுமார் 12,70,000 வருமானம் வரைக்கும் இதே கதைதான். அதுக்கு மேலதான் வழக்கமான விகிதம்.

இதுக்கு வழி இருக்கு. கம்பெனி மூலமா என்.பி.எஸ். பங்களிப்பு போடச் சொல்லுங்க. அடிப்படைச் சம்பளத்துல 14% வரைக்கும் புது முறையிலயும் கழிவு உண்டு. மேல சொன்ன உதாரணத்துல 35,000 அப்படிப் போனா வரி மறுபடியும் பூஜ்யம். பணம் ஓய்வுக்காலம் வரைக்கும் பெரும்பாலும் பூட்டியிருக்கும், ஆனா அது உங்க பணம். சம்பள அமைப்பை மாத்தணும்ங்கிறதால மார்ச் கடைசியில போய் கேட்டா நடக்காது, ஹெச்.ஆர்.கிட்ட முன்னாடியே பேசுங்க.

டி.டி.எஸ். போக வரி பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். தவறினா வட்டி. அதோட, பிசினஸ் வருமானம் இருக்கிறவங்க சம்பளக்காரங்க மாதிரி வருஷா வருஷம் பழைய முறை, புது முறைன்னு மாறிக்க முடியாது. புது முறையை விட்டு வெளியே போயிட்டுத் திரும்பி வர வாய்ப்பு ஒரே தடவைதான். நல்லா யோசிச்சு முடிவெடுங்க.

இன்னொண்ணு, ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. 2022-ல போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை பார்த்ததா 300 பேரை விப்ரோ நீக்கினது ஞாபகம் இருக்கும். பிளாக் எழுதுறது அதுவும் இதுவும் ஒண்ணு இல்லை. ஆனாலும் வெளி வருமானத்துக்கு முன் அனுமதி வேணும்னு உங்க ஒப்பந்தத்துல இருந்தா, கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. பதிவு வைரல் ஆனா மேனேஜரும் படிப்பார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு எக்செல் ஷீட் திறங்க. மாசம், பார்வைகள், அதுல தேடல் வழியா வந்தது எவ்வளவு, புது இமெயில் வாசகர்கள், வரவு, செலவுன்னு ஆறு காலம். திடீர்க் கூட்டம் வந்த மாசத்தை வேற கலர்ல குறிச்சு, சராசரி எடுக்கும்போது அதைத் தனியா விட்டுடுங்க. மிச்ச மாசங்களோட சராசரிதான் உங்க பிளாக்கோட உண்மையான வருமானம். அந்த எண் தொடர்ந்து 12 மாசம் உங்க வீட்டுச் செலவைத் தாண்டி நிக்கட்டும். கையில ஆறு மாச அவசர நிதியும் இருக்கட்டும். வேலையை விடுறதைப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்.