மாரிக்கும் கோடைக்கும் ஒரே ரயரா?

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவிற்கென எமது தங்கையின் குடும்பத்தினர் ரொறன்ரோ நகரிலிருந்து வந்திருந்தனர். 2014ஆம் ஆண்டில் அந்நகரிலேயே பிறந்த மருமகன், முற்றத்தில் நின்ற எமது காரை ஒருமுறை சுற்றிவந்து, "மாமா, உங்கட பனிக்கால ரயரெல்லாம் எங்கே அடுக்கி வைச்சிருக்கிறீங்கள்?" என்று வினவினான். வீட்டிலிருந்தோர் அனைவரும் சிரித்துவிட்டோம். பின்னர் தனித்திருந்து எண்ணிப் பார்த்தபோது, அவ்வினா அத்துணை எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று என்பது புலனாயிற்று.

அவன் வாழும் நாட்டில் ஒரு காருக்கு இருவகைச் சில்லுகளை வைத்திருப்பது இல்லற வழக்கங்களுள் ஒன்று. கோடைக்கென ஆக்கப்பட்ட இறப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கின்றது. பனிக்கால ரயரின் இறப்பரோ கடுங்குளிரிலும் மென்மை குன்றாதிருக்கும்படி கலந்து செய்யப்படுவது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிக்கால ரயர் பூட்டுவதை 2008ஆம் ஆண்டிலிருந்து சட்டமே கட்டாயமாக்கியுள்ளது. ஆண்டுக்கு இருமுறை கழற்றிப் பூட்டும் இத்தொல்லையைத் தவிர்க்க விரும்புவோருக்காக எழுந்ததே 'ஓல் சீசன்' எனப்படும் எக்கால ரயர். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1977ஆம் ஆண்டில் 'தியெம்போ' என்னும் பெயரில் இவ்வகையை முதன்முதல் விற்பனைக்கு விட்டது.

எக்கால ரயர் என்பது உண்மையில் ஓர் உடன்படிக்கை. கோடையிலும் ஓரளவு நன்று, பனியிலும் ஓரளவு நன்று. இரண்டிலும் முதன்மை பெறுவதில்லை. அதன் பக்கச் சுவரில் 'எம் பிளஸ் எஸ்' என்னும் எழுத்துக்கள் காணப்படும். சேறும் பனியும் என்பது அதன் பொருள். ஆயின் இவ்வெழுத்துக்களைப் பொறிப்பதற்குக் கடும் பரீட்சை எதுவும் தேவையில்லை. மூன்று முகடுடைய மலையும் அதனுள் ஒரு பனித்திவலையும் கொண்ட சின்னமே பனியில் சோதிக்கப்பட்டமைக்குச் சான்று. ஜேர்மனியில் 2024ஆம் ஆண்டு ஒக்டோபரிலிருந்து பனிக்காலத்திற்கு அச்சின்னம் உடையவையே ஏற்கப்படுகின்றன. வெறும் எழுத்துக்கள் போதா.

நமக்கு இவற்றால் ஆவதென்ன? மார்கழி, தை மாதங்களின் விடியற் குளிரிலும் யாழ்ப்பாணத்தவர் 7 பாகையைக் கண்டதில்லை. பனிக்கெனச் செலவிட்ட திறமையெல்லாம் இங்கு வீண். நமது பருவங்கள் இரண்டே: வெயில், மழை. பங்குனி தொடங்கி வெயில் தாரை உருக்கும்; சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் மணலும் வீதியில் படியும்; ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஆண்டு மழையின் பெரும்பங்கும் ஒருசேரக் கொட்டித் தீர்க்கும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் 'நிஷா' புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியதை மறந்தோர் இலர்.

அத்தகைய ஒரு கார்த்திகை இரவில், பருத்தித்துறையில் ஒரு மரணவீட்டுக்குச் சென்று குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்தோம். வல்லைவெளியில் நாற்புறமும் நீர். வீதியிலும் ஒரு விரற்கடை நீர். வேகம் அதிகமன்று, எழுபதை அண்டியது. திடீரெனச் சுக்கான் கைக்கு இலேசாகிவிட்டது. கார் நாம் திருப்பிய பக்கம் திரும்பாமல், தன் விருப்பப்படி ஓடம்போல் வழுக்கி, வீதியோரத்து மண்ணில் ஏறி நின்றது. எவருக்கும் காயமில்லை. பின்னாசனத்தில் உறங்கிய அம்மா, "வீடு வந்திட்டுதோ?" என்று கேட்டார். வேறொரு வாகனம் எதிரே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்புவதில்லை.

நடந்தது இதுதான். ஓடும் ரயரின் முன்னே நீர் ஆப்புப்போல் நுழைய முயல்கின்றது. ரயரின் பள்ளங்கள் அந்நீரை ஏந்திப் பக்கங்களுக்கு வெளியேற்ற வேண்டும். வேகம் மிகுந்தாலோ, பள்ளம் தேய்ந்திருந்தாலோ, நீர் வெளியேற நேரமின்றி ரயரைத் தூக்கிவிடும். அதன்பின் தடையும் இல்லை, சுக்கானும் இல்லை. விமானச் சில்லுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், இவ்வாறு மிதக்கும் வேகம் ரயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று 1960களில் கண்டனர். அவர்தம் கணக்கின்படி 30 இறாத்தல் காற்றுள்ள ரயர் ஆழமான நீரில் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீற்றரில் மிதக்கும். 20 இறாத்தலாயின் 74இலேயே மிதக்கும். கார் ரயருக்கு இது தோராயமான கணக்கே. மறுநாள் காற்றடிக்கும் கடையில் அளந்தபோது எமது முன் ரயர் ஒன்றில் 20 இறாத்தலே இருந்தது!

காற்றை நிரப்பியதோடு கவலை தீர்ந்தது என்றெண்ணி இருந்தோம். மருமகன் கேட்ட பின்னரே பக்கச் சுவரைக் கண்ணாடியணிந்து வாசித்தோம். 'எம் பிளஸ் எஸ்' அங்கே இருந்தது. எந்நாட்டிலோ ஓடிக் கழித்த எக்கால ரயர்கள் அவை. பள்ளம் ஆழமாய்த் தெரிந்தமையால், பெயர் கூற விரும்பாத ஒரு கடையில் "புதிசு மாதிரி" என்ற சொல்லை நம்பி வாங்கியவை. அச்சுவரில் முட்டைவடிவக் கட்டமொன்றுள் நான்கு இலக்கங்கள் உண்டு. முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது என்று கொள்க. எம்முடையவை 2012ஆம் ஆண்டில் பிறந்திருந்தன. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் இறப்பர் முதுமை எய்துகின்றது. பள்ளம் ஆழமாயிருக்கும், பிடிப்பு இராது. ஆறாண்டு கடந்ததை ஐயுற்று நோக்குவதும், பத்தாண்டு கடந்ததைக் கழித்துவிடுவதும் பலரும் கூறும் அறிவுரை.

பழைய ரயரை நாடும் நிலைக்கு நாட்டின் நிலையும் ஒரு காரணமே. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ளதைக் கொண்டே ஓடினோம். இதிலும் இடர்மிக்க காலத்தை நாம் கண்டதுண்டு; 1990களின் பொருளாதாரத் தடையின்போது, கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை அறியாத யாழ்ப்பாணத்தவர் உளரோ? இறப்பருக்கு மட்டும் நம் நாட்டில் பஞ்சமில்லை. 1876ஆம் ஆண்டில் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டிய கன்றுகளே இலங்கை இறப்பரின் மூலம். களனியில் சோவியத் உதவியுடன் 1960களில் எழுந்த ரயர்த் தொழிற்சாலையும் அவ்வழி வந்ததே.

இனி வாங்கும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். நீரை வெளியேற்றும் அகன்ற நெடும்பள்ளங்கள் மூன்றோ நான்கோ உடைய, வெப்ப நாட்டுக்கென ஆக்கிய சாதாரண ரயரே நமக்கு ஆண்டு முழுவதும் போதும். அதுவே நமது எக்கால ரயர். எக்கால வகையையே வாங்கினும் குற்றமில்லை, புதியதாயிருப்பின். பனிக்கால ரயரை மட்டும் இலவசமாகத் தந்தாலும் ஏற்கற்க; நம் வெயிலில் விரைந்து தேய்வதோடு, தடை போட்டாலும் நிற்கத் தாமதிக்கும். சுவரில் வெப்பத்திற்கும் ஈரப்பிடிப்பிற்கும் தரவெழுத்துக்கள் இருந்தால் அவற்றை நோக்குக. வெப்பத்திற்கு 'ஏ' உயர்ந்தது, 'சீ' தாழ்ந்தது. புதிய ரயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். 1.6 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் பள்ளத்துள் உள்ள சிறு மேடுகள் தரையைத் தொடும். அதுவரை பொறுத்திராமல், 3 மில்லிமீற்றரிலேயே மாரிக்கு முன் மாற்றிவிடுவது எமது இப்போதைய வழக்கம். இரண்டு மட்டும் வாங்கப் பணமிருப்பின் புதியன இரண்டையும் பின்னே பூட்டுக. முன்னே பூட்டவேண்டும் என்று பலர் வாதாடுவர். ஆனால் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் காரை மீட்பது அரிது. காற்றை விடியலில், ஓடுமுன் அளக்க வேண்டும். நண்பகலில் சூடேறிய ரயர் தன் உண்மையைக் கூறாது.

நால்வகைச் செலவுக்கிடையே நான்கு புதிய ரயர்களையும் ஒருவாறு வாங்கி முடித்தோம். விடுமுறை தீரும்வரை மருமகனுக்கு இதுவே விளையாட்டாயிற்று. ஒழுங்கையில் நின்ற கார், வான் அனைத்தினதும் நான்கிலக்கங்களைக் கொப்பியில் எழுதி வந்தான். இறுதி நாளன்று எமது காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொல்லி, நாம் அடியோடு மறந்திருந்த மேலதிகச் சில்லையும் வாசித்தான். 1811 என்றிருந்தது.

"மாமா, இது எனக்கு அண்ணை," என்றான்.