தரவுக் கல்வியும் வல்லுநர் கொடையும்

சேலம், நாமக்கல் சமவெளியின் வாழ்வு எண்களோடு பின்னிப் பிணைந்தது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்பது, காவிரி பாயும் ஊர்களில் நலம் விசாரித்தபின் எழும் அடுத்த வினாவாகும். 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்திற்கு அறிவிக்கும் விலையைப் பார்த்தே கோழிப் பண்ணையாளர் தம் வரவு செலவைக் கணக்கிடுகின்றனர். 1981இல் பதிவுபெற்ற சேலம் சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனத்தில் ஜவ்வரிசி மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் கேட்டு மகிழ்வோரும் வருந்துவோரும் உளர். இவ்வெண்களையே இன்று 'தரவு' என்கிறோம்.

தரவைத் திரட்டிப் பகுத்தறியும் கலை இன்று ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. அதற்குரிய கருவிகளைப் பெருநிறுவனங்கள் வாடகைக்குத் தருகின்றன. அவற்றைக் கையாளும் முறையையோ, அத்துறையில் பழுத்த வல்லுநர் பலர் யாதொரு கட்டணமும் பெறாது கற்பிக்கின்றனர். இக்கொடையின் இயல்பு யாது, அது நம் மாணவர் கைக்கு எட்டுகின்றதா என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

மேகம் என்பது யாது?

பெயர் மயக்கம் தருவது, பொருள் எளிது. தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிகளை இணையத்தின் வழியே வேண்டும்போது வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதே மேகக் கணிமை. எல்லாவற்றிற்கும் மேகம் வேண்டும் என்பதில்லை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பெற்றது. நாளொன்றுக்கு ஒரு வரியென அதன் நீர்மட்டத்தை அன்று முதல் எழுதி வந்தாலும், தொண்ணூறு ஆண்டுகட்கு ஏறத்தாழ முப்பத்து மூவாயிரம் வரிகளே சேரும். கல்லூரி ஆய்வகத்திலுள்ள எளிய கணினியே அதனை நொடியில் கூட்டிக் கழித்துவிடும். ஆனால் நாமக்கல்லிலிருந்து வடநாடு செல்லும் லாரிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு லாரி தான் நிற்கும் இடத்தைப் பத்து நொடிக்கு ஒருமுறை தெரிவித்தால் நாளொன்றுக்கு 8,640 வரிகள். ஆயிரம் லாரிகள் எனில் 86 இலட்சத்து 40 ஆயிரம் வரிகள். ஓராண்டில் 315 கோடிக்கு மேல்! இங்குத்தான் மேகம் தேவையாகிறது.

கூகுள் நிறுவனம் 2010இல் அறிவித்த பிக்குவெரி என்னும் தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் நுட்பம் இரண்டு. முதலாவது, தரவை நெடுவரிசையாகச் சேமித்தல். கல்லூரிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயர், தந்தை பெயர், ஊர், மதிப்பெண் ஆகியன ஒரே வரியில் இருக்கும். மதிப்பெண்ணின் சராசரி மட்டும் வேண்டுமெனினும் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டியாக வேண்டும். மதிப்பெண்களை மட்டும் தனி ஏட்டில் எழுதி வைத்திருந்தால் அந்த ஓர் ஏட்டைப் பார்த்தாலே போதும் அல்லவா? இரண்டாவது, வேலையைப் பகிர்தல். வாக்கு எண்ணும் நாளில் பல மேசைகளில் ஒரே நேரத்தில் எண்ணிப் பின்னர்க் கூட்டுவதுபோல், ஒரு வினாவை எண்ணற்ற கணினிகள் பங்கிட்டு விடை காண்கின்றன.

மாதந்தோறும் முதல் ஒரு டெராபைட் அளவு வரை தரவைப் படிக்கும் வினவல்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல், எவ்வளவு தரவு படிக்கப்பட்டதோ அவ்வளவிற்குக் காசு. மாணவர் இடறுவது இவ்விடத்தில்தான். விடையில் பத்து வரி மட்டும் காட்டுக என்று கட்டளையிட்டால் பத்து வரிக்குத்தான் கட்டணம் என எண்ணுவது இயல்பு. பொதுவாக அவ்வாறு நிகழ்வதில்லை. கேட்ட நெடுவரிசைகள் முழுவதும் படிக்கப்படுகின்றன. அவை முழுவதற்கும் கணக்கு எழுதப்படுகின்றது. எனவே வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய அட்டவணையை நாள்வாரியாகப் பகுத்து வைக்க வேண்டும். நிறுவனத்தின் கையேட்டில் இவை இல்லாமல் இல்லை. ஆயின் ஆயிரம் பக்கக் கையேட்டில் எந்தப் பக்கம் முதலில் படிக்கத்தக்கது என்பதைப் பட்டறிவு உடையவரே சொல்ல முடியும். வல்லுநரின் கொடை என நாம் கருதுவது இதனையே.

கற்பிப்போர் யாவர்?

அவருள் சிலரை நிறுவனங்களே அடையாளம் கண்டு சிறப்பிக்கின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1993 முதல் 'எம்.வி.பி.' என்னும் விருதை, பிறருக்குத் தம் அறிவைப் பகிரும் வல்லுநர்களுக்கு வழங்கி வருகிறது. 2010இல் தொடங்கி 2017இல் கூகுளின் உடைமையான கேகிள் என்னும் களத்தில், தரவு பயில்வோர் தம் செய்முறைகளை வரி வரியாக வெளியிட்டுப் பிறர் பார்வைக்கு வைக்கின்றனர். வினவல் மொழியாகிய எஸ்.க்யூ.எல். குறித்து அங்குள்ள தொடக்கப் பாடம் பிக்குவெரியைக் கொண்டே நடத்தப்படுகின்றது, அதற்கும் கட்டணமில்லை. நம் ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல். விரிவுரைகளையும் எவரும் இலவசமாகக் கேட்கலாம்.

இதில் நிறுவனத்திற்கு ஆதாயம் இல்லையா என்று பெரியோர் வினவக் கூடும். உண்டு. இலவசப் பாடத்தில் பழகிய கை, நாளை வேலைக்குச் செல்லும் இடத்திலும் அதே கருவியைத்தான் கேட்கும். கடைத்தெருவில் அல்வாத் துண்டு ஒன்றைச் சுவைக்கக் கொடுப்பது போன்றதே இது. ஆகவே எதனைக் கற்பது என்பதில் மாணவருக்கு விழிப்பு வேண்டும். ஒரு தளத்தின் பொத்தான்கள் ஆண்டுதோறும் இடம் மாறும். எட்கர் காட் 1970இல் வகுத்த உறவுமுறைத் தரவுக் கோட்பாடோ, சேம்பர்லினும் பாய்சும் 1974இல் அதன் மீது அமைத்த வினவல் மொழியோ ஐம்பது ஆண்டுகளாகியும் வழக்கொழியவில்லை. அவற்றைக் கற்றவர் எந்தத் தளத்திற்கும் எளிதில் குடிபெயரலாம்.

எட்டாக் கனியா?

இத்துணைப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கையில், இவற்றையே கற்பதற்குக் கடன் வாங்கியேனும் பயிற்சி நிலையங்களில் கட்டணம் செலுத்தும் பெற்றோர் நம் பகுதியில் இருப்பது ஏன்? காரணம் மொழியே என்பது எம் துணிபு. இராசிபுரத்திலிருந்தும் பரமத்தி வேலூரிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்குக் கணக்கு கடினமன்று. ஆங்கில விரிவுரையாளர் விரைந்து சொல்லும் ஒரு சொல் புரியாமல் போனால் அவரை நிறுத்திக் கேட்க வழியில்லை என்பதே கடினம்.

இக்குறையை உணர்ந்து உழைத்தோரும் உளர். 2012இல் தொடங்கப்பெற்ற 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகிறது. அதில் எழுதிய து. நித்யா, மைஎஸ்க்யூஎல், பிக் டேட்டா, மெஷின் லேர்னிங் ஆகியவற்றை எளிய தமிழில் தனித்தனி நூல்களாக ஆக்கித் தந்துள்ளார். அந்நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அமைந்தவை. எவரும் படியெடுக்கலாம், பிறர்க்கு வழங்கலாம். தம் மறைவிற்குப் பின்னும் பயன் நிற்கும் அறத்தை ஸதக்கத்துல் ஜாரியா என்று போற்றும் நம் சமுதாயத்திற்கு இவ்வுரிமத்தின் உட்பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அறிவைத் தாய்மொழிக்குக் கொண்டுவரும் இப்பணி நம் முன்னோர்க்குப் புதிதன்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபு மொழியில் பெரும்புலமை பெற்றவர். எனினும் மார்க்கச் சட்டங்களை எளியோரும் அறிய வேண்டும் என்று 'மகானி'யை அரபுத்தமிழில் யாத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது என்பதைப் பலரும் அறிவர். அவர்தம் இயற்கணித நூல், பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை முதலிய நாட்கணக்குகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த அல் கிந்தி, ஒரு மறைமொழிக் கடிதத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என எண்ணியே அதன் பொருளை அவிழ்க்கலாம் என்று காட்டினார். எண்ணிப் பார்த்து உண்மை காணும் இன்றைய தரவுப் பகுப்பாய்விற்கு அஃது ஒரு முன்னோடி எனலாம்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாரும் உண்டு. வேலை நிறையவே இருக்கிறது. நெடுவரிசையைச் சிலர் நிரல் என்கின்றனர். கிடைவரிசையை நிரை என்கின்றனர். 'குவெரி'யை ஒருவர் வினவல் என்றால் மற்றொருவர் கேள்வி என்கிறார். 'டேட்டா'வைத் தரவு எனவும் தகவல் எனவும் மாற்றி மாற்றி எழுதுவதால், தரவு வேறு, தரவிலிருந்து பெறும் தகவல் வேறு என்னும் அடிப்படை வேறுபாடே மறைந்துபோகிறது. கணினித்துறை மாணவர் ஒருவரும் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் அருகமர்ந்து ஒரு பாடத்தைத் தமிழாக்கினால் இக்குழப்பத்தில் பாதி தீரும். பயிற்சிக்குரிய தரவும் கையருகே உள்ளது. விக்கிப்பீடியாவின் பக்கங்கள் எத்தனை முறை பார்க்கப்பட்டன என்னும் கணக்கு பிக்குவெரியின் பொதுத் தொகுப்புகளில் ஒன்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் அடங்கும். தமிழர் ஒரு மாதத்தில் மிகுதியும் தேடிப் படித்த பக்கங்கள் எவை, தேர்வுக் காலத்தில் அவ்வரிசை எவ்வாறு மாறுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நாள்வாரியாகப் பகுக்கப்பட்ட அத்தொகுப்பில் நாளைக் குறித்துக் கேட்டால், மாதாந்திர இலவச அளவிற்குள்ளேயே பல வினாக்களுக்கு விடை கிடைக்கும். மேட்டூர் நீர்மட்ட அட்டவணைக்கு அதுவும் வேண்டா. கணியம் தரும் மைஎஸ்க்யூஎல் நூலும் ஆய்வகக் கணினி ஒன்றும் இருந்தால் நாளையே தொடங்கிவிடலாம்.