வண்டலூரில் எவை இருக்க வேண்டும்?

சென்னை நகரின் உயிரியல் பூங்கா தன் வரலாற்றில் இருமுறை இடம்பெயர்ந்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர், கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே அமைத்த அப்பூங்கா, 1861இல் மாநகராட்சியின் கைக்கு மாறி, சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த மக்கள் பூங்காவுக்குச் சென்றது. பாடம் செய்யப்பட்ட விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ளவை இருந்த இதை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் அழைத்துவந்தனர். நூறாண்டுகளுக்குப் பின், விரிவடைய இடமில்லாமலும் சுற்றிலும் இரைச்சலும் புகையும் பெருகியும் போனதால், 1976இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் ஏறத்தாழ 510 ஹெக்டேர் நிலம் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலை 24 அன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அங்கே திறக்கப்பட்டது. அன்று ஊருக்கு வெளியே கிடந்த வண்டலூரை நகரம் இப்போது எட்டிப் பிடித்துவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அதன் அருகிலேயே திறக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் முறை பெயர்ந்து செல்ல இடம் ஏது? இன்றைக்கு 602 ஹெக்டேராக உள்ள பரப்புக்குள்ளேயேதான் அதன் வருங்காலத்தை வகுத்தாக வேண்டும்.

இந்தியாவில் உயிரியல் பூங்காக்களை நெறிப்படுத்தும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் அமைக்கப்பட்டது. வன உயிர்களைக் காக்கும் தேசிய முயற்சிக்குத் துணைநிற்பதே பூங்காக்களின் தலையாய நோக்கம் என்று 1998ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை அறிவித்தது. காட்சிப்படுத்துவது அதற்கு அடுத்தது. 2009ஆம் ஆண்டின் விதிகளோ, ஒவ்வொரு பூங்காவும் நிலத்தையும் நீரையும் கட்டடங்களையும் எவ்வாறு பயன்படுத்தும் என்பதைக் கூறும் நீண்டகால முழுமைத் திட்டத்தையும், எந்தெந்த இனங்களை எந்த நோக்கத்துக்காக வைத்திருக்கும் என்பதைக் கூறும் விலங்குத் தொகுப்புத் திட்டத்தையும் வகுக்க வேண்டும் என்கின்றன. நுழைவாயில், நடைபாதை, மின்கல வண்டி என்று கண்ணுக்குத் தெரிபவை முதல் திட்டத்தில் இடம்பெறுவதால் அதைப் பற்றியே பேச்சு எழுகிறது. பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பதோ, எவரும் அதிகம் விவாதிக்காத இரண்டாவது திட்டம்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, இதற்குச் சரியான சான்று. இவ்வினத்தைக் காப்பிடத்தில் வைத்து இனப்பெருக்கம் செய்யும் நாடு தழுவிய திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு வண்டலூருக்கு அளிக்கப்பட்டுள்ளது. கூண்டில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து அடைத்துவிட்டால் இந்த வேலை முடிந்துவிடுவதில்லை. இக்குரங்கு ஒரு பேற்றில் ஒரே குட்டியை ஈன்று, அடுத்த பேற்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இடைவெளி விடுகிறது. காட்டில் பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிட, வளர்ந்த ஆண்கள் விலகிச் சென்று வேறு கூட்டங்களில் சேர்வதால் நெருங்கிய இரத்த உறவுக் கலப்பு இயல்பாகவே தவிர்க்கப்படுகிறது. பூங்காவில் இந்த இடப்பெயர்வை மனிதர்களே செய்துதர வேண்டும். அதற்காகப் பேணப்படுவதுதான் வம்சப் பதிவேடு: ஒவ்வொரு விலங்கின் தாய், தந்தை, பிறப்பு, இடமாற்றம், இறப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்து, எந்தப் பூங்காவிலுள்ள ஆணை எந்தப் பூங்காவிலுள்ள பெண்ணோடு சேர்ப்பது என்று கணித்துச் சொல்லும் ஆவணம் அது. காட்டிலிருந்து வந்த முதல் தலைமுறையின் மரபணு வேற்றுமையில் 90 விழுக்காட்டை நூறாண்டுகளுக்குக் காப்பது என்பதே இத்தகைய திட்டங்கள் பொதுவாகக் கொள்ளும் இலக்கு. அதற்குப் பல கூட்டங்கள் வேண்டும். கூட்டத்தோடு ஒட்டாத ஆண்களைத் தனியே வைக்க, பார்வையாளர் கண்ணில் படாத அடைப்பிடங்களும் வேண்டும். ஓரினத்தைக் காக்க உண்மையாகவே முனையும் பூங்கா வேறு பல இனங்களைக் கைவிட நேர்வது இதனால்தான்.

பதிவேட்டைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதைச் சண்டிகர் அருகிலுள்ள சத்பீர் பூங்கா காட்டியது. அங்கே ஆசியச் சிங்கங்களும் சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் கலந்து பெருகின. கலப்புச் சிங்கங்களின் நோய் எதிர்ப்பாற்றல் குன்றி, சிறு காயங்கள்கூட ஆறாத நிலை வந்தபின், ஆண்களுக்குக் கருத்தடை செய்து அவ்வம்சத்தையே முடிவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வண்டலூரிலும் கூட்டத்தை ஈர்க்கும் வெள்ளைப்புலியின் கதையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அது தனி இனமன்று. வங்கப் புலியில் ஒடுங்கு மரபணு ஒன்று இரட்டையாக அமையும்போது தோன்றும் நிறமாற்றம் மட்டுமே. 1951இல் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப்புலியை அதன் மகளோடே சேர்த்து 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றதிலிருந்து தொடரும் இந்த வளர்ப்பு, மாறுகண் முதலிய குறைகளையும் உடன் சுமந்துவருகிறது. காட்டுக்குத் திரும்பப்போகாத ஒரு விலங்கைப் பெருக்குவதைப் பாதுகாப்பு என்று அழைப்பது பொருந்தாது. இருக்கும் வெள்ளைப்புலிகளை ஆயுள் முழுதும் நன்கு பேணி, புதிதாக ஈனவிடாமல் நிறுத்துவதே நேர்மையான முடிவாகும்.

வெற்றியும் சிக்கலைத் தரும் என்பதற்கு வண்டலூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத வடநெம்மேலியில் ஒரு பாடம் உண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் பெருகின. அவற்றை விடுவதற்கேற்ற பாதுகாப்பான ஆறுகளும் ஏரிகளும் கிடைக்காததால், முட்டைகளைப் பொரிக்கவிடாமல் தடுக்கும் நிலைக்குப் பண்ணை வந்தது. ஆகவே, இனப்பெருக்கத்தைத் தொடங்கும் முன்பே குட்டிகளை எங்கே விடுவது என்ற கேள்விக்குத் திட்டத்தில் விடை இருந்தாக வேண்டும். டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு இமயமலை உயிரியல் பூங்கா அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தது. தன் தட்பவெப்பத்துக்கு இயைந்த மலை விலங்குகளையே முதன்மையாக வைத்துக்கொண்டு, அங்கே பிறந்த செம்பாண்டாக்கள் இரண்டை 2003இல் அருகிலுள்ள சிங்காலீலா காட்டில் விட்டது. சோலைமந்தியின் உடனடித் தேவையோ வேறு. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டுபட்டுப்போன சோலைகளில், மரக்கிளைகள் தொடாத இடங்களில் தரையிறங்கிச் சாலையைக் கடந்து அடிபடும் வால்பாறைச் சோலைமந்திகளுக்கு, கூண்டில் பிறக்கும் குட்டியைவிட மரங்களை இணைக்கும் கயிற்றுப் பாலம் உடனடியாக உதவும். வண்டலூரின் மருத்துவர்களும் வருவாயில் ஒரு பகுதியும் அக்காட்டுக்குச் சென்றால்தான், காட்டுக்கு வெளியே வைத்துக் காப்பது என்பது காட்டிலேயே காப்பதற்குத் துணையாகும்.

நோயும் புயலும் திட்டத்தின் ஓரத்தில் எழுதப்படும் குறிப்புகளாக இருக்க முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் இப்பூங்காவின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது; 2021 ஜூனில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் இரண்டு இறந்தன. பார்வையாளர் காண்பது அகழியும் அதற்கப்பாலுள்ள புல்தரையும் மட்டுமே. விலங்கின் உடல்நலமோ, பின்புறத்தில் உள்ள இரவுக்கூடத்திலும், சுவர் ஒன்று மெல்ல நகர்ந்து விலங்கை அசையாமல் நிறுத்தி ஊசி போட உதவும் நெருக்குக் கூண்டிலும், புதிதாக வருபவற்றைத் தனிமைப்படுத்தும் கூடத்திலும்தான் தீர்மானமாகிறது. பாதுகாவலர்களுக்கு நிலையான பணியும் பயிற்சியும் தருவதும் இதே கணக்கில் சேரும். தடுப்பருகே வந்து, மயக்கமருந்தில்லாமலே வாலை நீட்டி இரத்தம் எடுக்கவிடும்படி புலியைப் பழக்குவது ஆண்டுக்கணக்கில் உடனிருப்பவரால் மட்டுமே ஆகும்.

காணும் பொங்கலன்று ஆயிரமாயிரமாய்த் திரளும் மக்கள் செலுத்தும் கட்டணத்தால் நடக்கும் பூங்கா இது. அவர்கள் ஆர்வத்தை இழந்தால் சோலைமந்திக்கும் பணம் இராது என்ற நிர்வாகத்தின் அச்சத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் அந்த அச்சத்துக்கு விடை வரிக்குதிரையும் வெள்ளைப்புலியும் அல்ல; எந்த இனம் எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்குப் புரியவைப்பதே. ஆகவே, வண்டலூருக்கான அடுத்த திட்டம் வெளியாகும்போது, எந்த விலங்கு புதிதாக வருகிறது என்று கேட்பதோடு நில்லாமல், எந்த விலங்கு இனி இராது, அந்த இடம் எதற்குத் தரப்படுகிறது என்பதையும் சென்னை மக்கள் கேட்க வேண்டும்.