நாற்பது முறை ட்ரிப்ஸ்

உடலில் ஈயம் ஏறிவிட்டால் ஈடிடிஏ என்ற ரசாயனத்தை ட்ரிப்ஸில் ஏற்றி வெளியேற்றுவார்கள். இதில் புதுமை எதுவும் இல்லை. 1950களில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் அதையே இதயத்துக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பில் கால்சியம் உண்டு. ஈடிடிஏ கால்சியத்தையும் பிடித்துச் சிறுநீரில் தள்ளும். ஆகவே அடைப்பு கரையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு அழகாகத்தான் இருந்தது, நிரூபணம்தான் இல்லை. அதற்காக யார் காத்திருந்தார்கள்? ‘கீலேஷன்’ என்ற பெயரில் மாற்று மருத்துவ கிளினிக்குகளில் இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. ரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கினால் உயிரே போகும். அப்படி 3 பேர் இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-ல் பதிவு செய்தது.

கீலேஷன் செய்துகொள்ளலாமா என்று மயாமி பீச் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் இதய நிபுணர் கெர்வாசியோ லாமாஸிடம் 1999-ல் ஒரு நோயாளி கேட்டார். கூடாது என்றுதான் சொல்லி அனுப்பினார் லாமாஸ். பிறகு தேடிப் பார்த்தால், கூடாது என்பதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை.

எனவே லாமாஸ் அதை முறையாகச் சோதிக்க இறங்கினார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் சுமார் 3 கோடி டாலர் கொடுத்தது. இந்தக் கூத்துக்கு அரசுப் பணமா என்று கண்டனம் வேறு. மாரடைப்பில் பிழைத்த 1,708 பேரில் ஒரு பாதிக்கு ஈடிடிஏயும் வைட்டமின்களும் சேர்ந்த திரவம், மறுபாதிக்கு மருந்தில்லாத உப்புநீர். யாருக்கு எது ஏறுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆளுக்கு 40 முறை. ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் கையில் ஊசியோடு உட்கார வேண்டும். இதற்கும் ஆள் கிடைத்ததே பெரிது!

2013-ல் வந்த முடிவு கீலேஷனை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இரு தரப்பையும் திகைக்கவைத்தது. மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை உப்புநீர் ஏற்றியவர்களில் 30 சதவீதம் பேருக்கு நேர்ந்தன. ஈடிடிஏ ஏற்றியவர்களில் 26. சர்க்கரை நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஆபத்து 41 சதவீதம் குறைவு. கிளினிக்குகள் கொண்டாடக் காரணம் கிடைத்தது. ஆனால் மொத்த வித்தியாசம் நூலிழைதான். பாதியில் விலகியவர்களிலும் உப்புநீர்க்காரர்களே அதிகம். ஓர் ஆய்வைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் எங்காவது ஒரு மூலையில் நல்ல செய்தி அகப்பட்டுவிடும். அதை மருந்துச்சீட்டில் எழுத முடியாது. இன்னொரு முறை சோதிக்கத்தான் வேண்டும்.

லாமாஸ் அதைத்தான் செய்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் 1,000 பேரைச் சேர்த்து, அதே 40 ட்ரிப்ஸ் மறுபடியும். முடிவு 2024-ல் வெளியானது. ஈடிடிஏ தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தது: ரத்த ஈயம் 61 சதவீதம் இறங்கியிருந்தது. இதயப் பாதிப்போ ஈடிடிஏ தரப்பில் 35.6 சதவீதம், உப்புநீர்த் தரப்பில் 35.7.

ஈயம் இதயத்துக்கும் கேடு என்று ஒரு கருத்து உண்டு; அது இதனால் பொய்யாகிவிடவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2023-ல் ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் இதய ஆபத்துகளாகவே குறித்தது. இரண்டாம் ஆய்வுக்கு வந்தவர்களின் ரத்தத்தில் இறக்குவதற்கு ஈயமே அதிகம் இல்லை என்பது ஒரு விளக்கம். ஈயம் கலந்த பெட்ரோலைச் சாலை வாகனங்களுக்கு விற்க அமெரிக்கா 1996-லேயே தடை போட்டுவிட்டதே, பிறகு ரத்தத்தில் ஈயம் எப்படி அதிகம் இருக்கும்?