சுற்றுவதா, மெழுகுவதா, நிரப்புவதா?



குழுக் கணக்கு என்றால் நமக்குத் தண்ணி பட்ட பாடு. சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, இந்த மாதம் வட்டி எவ்வளவு என்று பேனா எடுக்காமலே சொல்லிவிடுவோம். ஆனால் பத்தாவது படிக்கிற பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, இது புரியல" என்றால் மட்டும், "எனக்கு என்னடி தெரியும், வாத்தியாரைக் கேளு" என்று நகர்ந்து விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான்.

ஒருநாள் ராத்திரி என் மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதாள். அளவியல் பாடத்தில் பரீட்சை வைத்திருக்கிறார்கள். சூத்திரம் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்று தெரியவில்லை. "எல்லாமே ஒரே மாதிரி இருக்கும்மா" என்றாள்.

அவளை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "கண்ணு, நம்ம வீட்டைச் சுற்றி வேலி போடணும்னா என்ன அளப்பே?" என்றேன். "சுற்றிலும் நீளத்தை அளப்பேன்." "வாசலைச் சாணி போட்டு மெழுகணும்னா?" "எவ்வளவு இடம்னு பார்க்கணும்." "இந்தத் தொட்டியில தண்ணி நிரப்பணும்னா?" "உள்ளே எவ்வளவு பிடிக்கும்னு பார்க்கணும்." அவ்வளவுதான்! பாடத்தில் இருப்பதும் இந்த மூன்றுதான்.

மூன்றே கேள்விகள்

1. சுற்றுவது: வேலி, சேலை பார்டர், கட்டிலுக்குக் கயிறு. இது சுற்றளவு. விடை அடி அல்லது மீட்டரில் வரும்.

2. மெழுகுவது: வாசல் மெழுகுதல், பெயிண்ட் அடித்தல், டைல்ஸ் ஒட்டுதல், கூரை வேய்தல். இது பரப்பளவு. விடை சதுர அடி அல்லது சதுர மீட்டரில் வரும்.

3. நிரப்புவது: தண்ணீர், நெல், மணல், கான்கிரீட். இது கன அளவு. விடை கன அடி, கன மீட்டர் அல்லது லிட்டரில் வரும்.

கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேட வேண்டாம். முதலில் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

பரப்பளவு என்றால் கட்டங்களை எண்ணுவது

12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள ஒரு அறை. அதில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் ஒட்டுகிறோம். நீளவாக்கில் 6 கல், அகலவாக்கில் 5 வரிசை. ஆக 30 கல். ஒரு அடிக்கு ஒரு அடி கல்லாக இருந்தால் 12 கல், 10 வரிசை, 120 கல். இதைத்தான் 120 சதுர அடி என்கிறோம். நீளத்தை அகலத்தால் ஏன் பெருக்குகிறோம் என்று இப்போது தெரிகிறதா? வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் இருக்கத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். 60 அடிக்கு 60 அடி மனையின் சுற்றளவு 240 அடி. 100 அடிக்கு 20 அடி மனையின் சுற்றளவும் 240 அடிதான். வேலிக் கம்பி இரண்டுக்கும் ஒரே அளவு. ஆனால் முதல் மனை 3,600 சதுர அடி, இரண்டாவது 2,000 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அப்படியானால் முதலாவது எட்டே கால் சென்ட், இரண்டாவது சுமார் நாலரை சென்ட்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதும் திருத்தம் வந்தது. சட்டம் பங்கு கொடுக்கும். அந்தப் பங்கை "சுத்தி நடந்தா எல்லாம் ஒண்ணுதானே" என்று யாராவது சொன்னால், நாடாவைக் கையில் எடுக்க வேண்டியது நாம்தான்.

கன அளவு என்றால் அடுக்குகளை எண்ணுவது

5 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டிகளை அதற்குள் அடுக்கினால், தரையில் 20 பெட்டி நிற்கும். அப்படி மூன்று அடுக்கு. 20 × 3 = 60 கன அடி. அவ்வளவுதான் கன அளவு! அடித்தளப் பரப்பு, பெருக்கல் உயரம். பெட்டி போன்ற தொட்டிக்கும் இதுதான், உருண்டையான கிணற்று உறைக்கும் இதுதான்.

ஒரு கன அடியில் சுமார் 28.3 லிட்டர் பிடிக்கும். எனவே அந்தத் தொட்டியில் ஏறக்குறைய 1,700 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் ஊற்றினால் 113 குடம். ஒரு கன மீட்டர் என்றால் சரியாக 1,000 லிட்டர்.

வட்டமாக இருந்தால்?

வட்டத்தின் பரப்பு 22/7 × ஆரம் × ஆரம். ஆரம் என்றால் நடுவிலிருந்து ஓரம் வரை, அதாவது விட்டத்தில் பாதி. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வேறு ஒரு வழியும் தெரிந்திருந்தது. கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில், அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்று இருக்கிறது. ஒரு கயிறு போதும். வட்டத்தைச் சுற்றி அளந்து பாதியாக்குங்கள், குறுக்கே அளந்து பாதியாக்குங்கள், இரண்டையும் பெருக்குங்கள். இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும்.

என் மகளை அழவைத்த கணக்கு இதுதான்: உருளை வடிவத் தண்ணீர்த் தொட்டியின் விட்டம் 2.8 மீட்டர், உயரம் 2 மீட்டர். எத்தனை லிட்டர் பிடிக்கும்? தொட்டி தரையில் நிற்கிறது. வெளிப்பக்கமும் மேல்மூடியும் பெயிண்ட் அடிக்க, சதுர மீட்டருக்கு 50 ரூபாய் வீதம் எவ்வளவு ஆகும்?

முதல் பகுதி நிரப்புவது. ஆரம் 1.4 மீட்டர். அடித்தளப் பரப்பு 22/7 × 1.4 × 1.4 = 6.16 சதுர மீட்டர். உயரம் 2. எனவே 12.32 கன மீட்டர், அதாவது 12,320 லிட்டர். என் மகள் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டு 49,280 லிட்டர் என்று எழுதியிருந்தாள். விட்டத்தைப் போட்டால் விடை நாலு மடங்காகிவிடும். பிள்ளைகள் அதிகம் மார்க் விடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது பகுதி மெழுகுவது. பவுடர் டப்பாவைச் சுற்றி ஒரு காகிதம் ஒட்டி, பிரித்துப் பாருங்கள். அது நீள்சதுரமாக வரும். நீளம் டப்பாவின் சுற்றளவு, அகலம் டப்பாவின் உயரம். தொட்டியின் சுற்றளவு 2 × 22/7 × 1.4 = 8.8 மீட்டர். அதை உயரம் 2-ஆல் பெருக்கினால் 17.6 சதுர மீட்டர். இதுதான் புத்தகத்தில் வளைபரப்பு. அதோடு மேல்மூடி 6.16. மொத்தம் 23.76 சதுர மீட்டர். 50 ரூபாய் வீதம் 1,188 ரூபாய். அடிப்பக்கம் தரையில் இருக்கிறது, அங்கே யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது. அதனால் "மொத்தப் புறப்பரப்பு" சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் தப்பாகிவிடும்.

கூம்பும் கோளமும்

களத்தில் குவித்த நெல் கூம்பு. ஒரு டப்பாவும், அதே வாய் அகலமும் அதே உயரமும் உள்ள காகிதக் கூம்பும் செய்துகொள்ளுங்கள். கூம்பில் அரிசி நிரப்பி டப்பாவில் கொட்டுங்கள். சரியாக மூன்று முறை கொட்டினால் டப்பா நிறையும். அதனால்தான் கூம்புக்கு மூன்றில் ஒரு பங்கு. குவியலின் சுற்றளவு 22 அடி என்றால் ஆரம் 3.5 அடி. உயரம் 3 அடி. அடித்தளம் 38.5 சதுர அடி. 38.5 × 3 ÷ 3 = 38.5 கன அடி நெல்.

பந்து போன்றது கோளம். ஒரு பந்து உள்ளே இறுக்கமாகப் பொருந்துகிற, பந்தின் உயரமே உள்ள டப்பாவில், மூன்றில் இரண்டு பங்கு இடத்தைப் பந்து பிடிக்கும். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் இதைக் கண்டுபிடித்தார். தன் கல்லறையில் உருளைக்குள் கோளத்தைச் செதுக்க வேண்டும் என்று விரும்பும் அளவுக்கு அவருக்கு இதில் பெருமை.

பலகாரம் செய்து விற்கும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. அகலத்தில் இரண்டு மடங்கு உள்ள லட்டுக்கு மாவும் சர்க்கரையும் எட்டு மடங்கு ஆகும். நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. "பெரிய லட்டுதானே" என்று இரண்டு மடங்கு விலை வைத்தால், முதலுக்கே மோசம்.

லாரி வந்த அன்று

இதெல்லாம் படித்த பத்தாம் நாள், எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் வீட்டு வேலைக்கு எம்-சாண்ட் வந்து இறங்கியது. குழுக்கடன் வாங்கித்தான் கட்டுகிறார். பில்லில் இரண்டு யூனிட் என்று இருந்தது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரியில் நடுவே மலை மாதிரி குவிந்திருந்ததால், பார்த்தால் நிறைய இருப்பதாகத்தான் தெரிந்தது.

என் மகள் நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். "அண்ணா, கொட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் சமமா நிரவி விடுங்க" என்றாள். நிரவிய பிறகு நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் நின்ற உயரம் 3 அடி. 180 கன அடிதான். டிரைவர் தம்பி, "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா கொடுக்கிறோம்" என்றார். "தம்பி, அளவு எவ்வளவோ அதுக்குத்தான் காசு. போன் போட்டு ஓனரைக் கேளுங்க" என்று அந்த அக்கா தெளிவாகச் சொன்னார். கடைசியில் 20 கன அடிக்கு உண்டான பணத்தைக் குறைத்துத்தான் வாங்கிப் போனார்கள். ஒரு யூனிட் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், அது 1,000 ரூபாய். நம் ஒருவரின் எத்தனை வாரச் சேமிப்பு என்று நீங்களே பாருங்கள்.

அன்று ராத்திரி என் மகள், "அம்மா, இது கனச்செவ்வகம்தானே, மூணு மார்க் கேள்வி!" என்று சிரித்தாள். இப்போது அவளுக்கு அந்தப் பாடம் என்றால் பயமில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

* கணக்கை இரண்டு முறை படி. படம் வரைந்து அளவுகளை அதன்மேல் எழுது.
* சுற்றுவதா, மெழுகுவதா, நிரப்புவதா என்று கேள்.
* எல்லா அளவையும் ஒரே அலகுக்கு மாற்று. 6 அங்குலம் என்றால் அரை அடி. ஒரு சதுர மீட்டர் 100 அல்ல, 10,000 சதுர செ.மீ.
* கொடுத்தது ஆரமா, விட்டமா என்று அடிக்கோடிடு.
* எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை என்று பார்.
* விடையோடு அலகை எழுது. கடைசியில், "இது நடக்கிற காரியமா?" என்று யோசி. குடத்தில் 900 லிட்டர் என்று வந்தால் எங்கோ தப்பு.

குழுக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள்

1. மாட்டுக் கொட்டகைத் தரை 15 அடிக்கு 8 அடி. 4 அங்குல கனத்துக்குக் கான்கிரீட் போட எத்தனை கன அடி தேவை?

2. ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உள்ள தொட்டியில் எத்தனை லிட்டர்? ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் என்றால்?

3. 14 அடி விட்டம், 20 அடி ஆழம் உள்ள வட்டக் கிணறு தோண்டுகிறோம். குழியின் கன அளவு என்ன?

விடைகள்: (1) 4 அங்குலம் என்றால் அடியில் மூன்றில் ஒரு பங்கு. 120 ÷ 3 = 40 கன அடி. (2) 1,000 லிட்டர், 8,000 லிட்டர். (3) 22/7 × 7 × 7 × 20 = 3,080 கன அடி. தோண்டி மேலே போட்ட மண் பொலபொலவென்று இன்னும் கூடுதல் இடம் பிடிக்கும், மறந்துவிடாதீர்கள்.

சகோதரிகளே! வீட்டில் ஒரு அளவு நாடா வாங்கி வையுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தொட்டியை, களத்தை, வாசலை அளந்து பாருங்கள். "எங்க அம்மாவுக்குத் தெரியும்" என்று பிள்ளை ஒருமுறை சொன்னால், அதைவிடப் பெரிய சேமிப்பு நமக்கு வேறென்ன வேண்டும்?