ஒரு கட்டளை, இரண்டு வேலை!

நேற்று எழுதிய கதையை இன்று அடித்துத் திருத்துகிறீர்கள். மறுநாள், "அடடா, பழையதே தேவலை!" என்று தோன்றுகிறது. பழைய பிரதிக்கு எங்கே போவது?

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். அதற்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்துக்காரர் உண்டாக்கிய கருவியே 'கிட்'. "பதிந்து வை" என்றால் அன்றைய நிலையைப் பதிந்து வைக்கும். கேட்டபோது எடுத்துக் கொடுக்கும். ஒரே கதைக்கு இரண்டு முடிவு எழுதிப் பார்க்கவேண்டுமா? இரண்டு 'கிளை'யாகவும் பிரித்துக்கொள்ளலாம்.

வசதிதான். ஆனால் அதனிடம் பேசும் பாஷை இருக்கிறதே! கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டும். அவற்றில் ஒன்று 'செக்அவுட்'. கிளையின் பெயரோடு சொன்னால் அந்தக் கிளைக்கு மாறும். பைலின் பெயரோடு சொன்னாலோ, பதியாத திருத்தங்களைத் துடைத்துவிட்டுப் பழைய பிரதியை வைத்துவிடும். "அழிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது! காலை முதல் பட்ட பாடு ஒரு நொடியில் போயிற்று.

2019 ஆகஸ்டில் வந்த 2.23-ம் பதிப்பில் இதற்கு விமோசனம் பிறந்தது. கிளை மாற 'ஸ்விட்ச்'. பைலைப் பழையபடி ஆக்க 'ரெஸ்டோர்'. வேலைக்கு ஒரு பெயர்! பழகியவர்களுக்காகப் பழைய கட்டளையும் இருக்கிறது.

'ரெஸ்டோர்' மட்டும் கேட்டுக்கொண்டா அழிக்கிறது? இல்லை. ஆனால் கிளை மாற நினைத்தவர் தெரியாமல் அதில் போய் விழமாட்டார் அல்லவா?

நீங்கள் கற்கப்போவதானால் புதிய இரண்டையே பழகுங்கள். எதையும் மாற்றுமுன் பதிந்துவிடுங்கள். பதிந்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்; பதியாததைக் 'கிட்' அறியாது!